மூச்சும் எண்ணும்: ஓட்டப் பயிற்சியின் அளவுகோல் பற்றி

ஓட்டப் பயிற்சியில் உடலை எதுவரை வருத்தலாம் என்று கேட்டால் இன்று பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒரு கழித்தல் கணக்கு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு. அதில் இத்தனை விழுக்காட்டில் ஓடினால் போதும். கைக்கடிகாரத்திலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரொட்டி வரை இக்கணக்குதான் ஆள்கிறது. இதன் பிறப்பைத் தோண்டி எடுத்தவர்கள் ராபர்ட் ராபர்க்ஸ், ராபர்ட்டோ லாண்ட்வேர் என்ற இருவர். 2002இல் வெளியான அவர்களது ஆய்வுக்கு இத்துறையில் எழுதும் எவரும் கடன்பட்டவரே. ஆயினும் அவர்கள் எழுதிய வரலாறு பிந்திய ஓரிடத்தில் தொடங்குகிறது. அதனாலேயே பிழையான முடிவில் போய் நிற்கிறது என்பது என் வாதம்.

முதலில் அவர்கள் நிறுவியதைப் பார்ப்போம். 220 கணக்கைப் பலரும் பின்லாந்து அறிஞர் கார்வோனனின் 1957ஆம் ஆண்டு ஆய்வோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அந்த ஆய்வில் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று இருவரும் காட்டினர். கார்வோனன் செய்தது வேறு: ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையிலான இடைவெளியில் எத்தனை பங்கு பயன்படுகிறது என்று ஒரு சிறு இளைஞர் குழுவை ஓடவிட்டுப் பார்த்தார். 220 உண்மையில் வருவது 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கல் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து. அதன் பொருள் இதயநோய்த் தடுப்பு. ஓட்டக்காரர் பயிற்சி அன்று. பல ஆய்வுகளிலிருந்து திரட்டிய சுமார் 35 புள்ளிகளை ஒரு வரைபடத்தில் இட்டு, கண்மதிப்பில் ஒரு கோடு போட்டார்கள். அந்தப் புள்ளிகளையே எடுத்து ராபர்க்ஸும் லாண்ட்வேரும் முறைப்படி கணக்கிட்டபோது கிடைத்த சமன்பாடு 215.4லிருந்து வயதின் 0.9147 மடங்கைக் கழிப்பது. பிழையளவு நிமிடத்துக்கு 21 துடிப்பு. வேறு சொல்லில், எந்த ஒரு கோடும் அந்தப் புள்ளிகளைச் சரியாகக் காட்டாது. ஹாஸ்கலே பின்னாளில், இதை ஒருவரின் பயிற்சியை ஆளும் சட்டமாக நாங்கள் கருதவில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

இதன் நடைமுறை விளைவு சிறியதன்று. 20 வயது இளைஞருக்குக் கணக்கு சொல்லும் உச்சம் 200. அதில் 85 விழுக்காடு 170. அவருடைய உண்மையான உச்சம் 185 என்றால் அந்த 170 ஏறத்தாழ 92 விழுக்காடாகிவிடும். நாள்தோறும் அப்படி ஓடினால் சில வாரங்களில் கால் எலும்பு பேசத் தொடங்கும். உச்சம் 215 உள்ளவருக்கோ அதே 170 வெறும் 79 விழுக்காடு. ஒரே எண் ஒருவரை முறிக்கிறது, இன்னொருவரை உறங்கவைக்கிறது.

இதுவரை எனக்கும் அவர்களுக்கும் முரண் இல்லை. முரண் தொடங்குவது அடுத்த படியில். 220 பிழையானது என்று காட்டிய பின் அவர்கள் தேடுவது பிழை குறைந்த மற்றோர் எண்ணை. ஏற்கத்தக்க சமன்பாடு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, இருப்பவற்றுள் மேலானதாக 1994ஆம் ஆண்டு சமன்பாடு ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள்: 205.8லிருந்து வயதின் 0.685 மடங்கைக் கழிப்பது. இதிலும் பிழை 6 துடிப்புக்கு மேல். அவர்களது வரலாறு 1938இல், ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் ராபின்சன் வெவ்வேறு வயது ஆண்களின் உச்சத் துடிப்பை அளந்ததிலிருந்து தொடங்குகிறது. எண்ணிலிருந்து தொடங்கியவர்களுக்கு எண்ணிலேதான் முடிக்க முடியும். அதற்கு முன் உழைப்பின் அளவை மனிதர்கள் எதைக் கொண்டு அறிந்தார்கள் என்ற கேள்வி அவர்கள் கட்டுரைக்குள் வரவே இல்லை. உடலியல் இதழுக்கு எழுதியவர்களிடம் ஆயுர்வேதத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் தலைப்பிலேயே வரலாறு என்று போட்டுக்கொண்டவர்களிடம் அதைக் கேட்கலாம்.

சுசுருத சம்ஹிதையின் சிகிச்சை ஸ்தானம் 24ஆம் அத்தியாயம் உடற்பயிற்சியைப் பேசுகிறது. தன் வலிமையின் பாதியளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும். மீறினால் கேடு என்பது விதி. அந்தப் பாதியை எப்படி அறிவது? இதயத்தில் இருக்கும் வாயு வாய்க்கு வந்து சேர்வதே அடையாளம் என்கிறது நூல். நூலின் காலம் பற்றி அறிஞரிடையே இன்றுவரை உடன்பாடில்லை. பல காலத்து அடுக்குகள் கொண்ட நூல் அது. வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம், பொதுவாக 7ஆம் நூற்றாண்டையொட்டி வைக்கப்படுவது, இதே பாதி விதியைச் சொல்லி ஒரு நிபந்தனையும் சேர்க்கிறது: பாதி என்பது வலிமையுள்ளவர்க்கும் நெய்ப்புள்ள உணவு உண்பவர்க்கும், அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்; மற்றப் பருவங்களில் அதிலும் குறைவு. அளவு மீறினால் வருபவை தாகம், உடல் தேய்வு, மூச்சிரைப்பு, இரத்தப்போக்கு, களைப்பு, இருமல், காய்ச்சல், வாந்தி. யானையை இழுக்கப்போய் அழியும் சிங்கத்தை உவமையாகக் காட்டுவதும் அங்கேதான்.

கவனிக்க வேண்டியது, வாக்படர் பாதி என்கிறாரே தவிர அடையாளம் எதையும் தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு பாடங்கள் வழங்குகின்றன. ஒன்று சுசுருதரின் மூச்சு அடையாளம். மற்றொன்று உரை மரபில் வருவது: அக்குள், நெற்றி, மூக்கு, கைகால் மூட்டுகள் ஆகியவற்றில் வியர்வை அரும்பி வாய் உலர்ந்தால் அதுவே பாதி. இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டு போகிறார்கள் இன்று இதைப் பற்றி எழுதுவோர். எனக்கு அது உடன்பாடில்லை. வியர்வை பருவத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்தது. கத்திரி வெயிலில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நிழலில் நின்றாலே நெற்றி அரும்பும். மார்கழி விடியலில் இரண்டு கிலோமீட்டர் ஓடினாலும் அக்குள் உலர்ந்திருக்கும். மூச்சு அப்படியன்று. வெப்பம் கூடினால் அதே வேகத்துக்கு மூச்சும் முன்னதாகவே வாங்கும். ஆகவே பருவத்துக்கேற்ற குறைப்பு அந்த அடையாளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வாக்படரின் பருவ நிபந்தனையோடு பொருந்துவது மூச்சுப் பாடமே. வியர்வைப் பாடம் குளிர்ந்த நாட்டு உரையாசிரியரின் அனுபவத்தில் பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதை வலியுறுத்த மாட்டேன்.

இந்த மரபு வடமொழி நூல்களோடு நின்றதா, உத்திரமேரூர் வட்டாரத்துக்கு வந்ததா? இங்கேதான் திருமுக்கூடல் கல்வெட்டு உதவுகிறது. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. கி.பி. 1068 அல்லது 1069. அதில் வேதக் கல்லூரி, மாணவர் விடுதி இவற்றோடு வீரசோழன் என்ற ஆதுலசாலையும், அதாவது மருத்துவமனையும், வருகிறது. படுக்கை 15. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு நெல் 90 கலமும் காசு 8உம். அறுவை செய்வார் ஒருவர், மருந்து பறித்துக் கொண்டுவருவோர், பணிப்பெண்டுகள் எல்லோர்க்கும் தனித்தனியே ஊதியம். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பலாகேரண்ட தைலம், லசுனாத்யேரண்ட தைலம், பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் என்று இருபதையொட்டி நீளுகிறது.

கல்வெட்டில் உடற்பயிற்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருமலுக்கும் இரத்தப்போக்குக்கும் ஆன வாசாவும், வாதத்தால் இறுகிய உறுப்புகளுக்கு ஆமணக்கெண்ணெயும் பட்டியலில் இருப்பதைக் கண்டு, அளவு மீறிய உழைப்பின் நோய்கள் இவைதாமே என்று சொல்ல நா துடிக்கும். ஆனால் அந்த நோய்கள் எல்லோர்க்கும் வருபவை, அச்சான்று செல்லாது. நான் நம்புவது வேறொன்றை. மருந்துப் பெயர்கள் எழுத்து வழி ஆயுர்வேதத்தைச் சேர்ந்தவை. நாட்டு வைத்தியரின் கைமருந்துப் பெயர்கள் அல்ல. சரகமும் அஷ்டாங்க ஹ்ருதயமும் கற்போர்க்கு விக்கிரம சோழன் காலத்தில், 1121இல், திருவாவடுதுறையில் நிவந்தம் இருந்தது. அஷ்டாங்க ஹ்ருதயத்தில் பயிற்சி விதி வருவது ஏதோ ஒரு மூலையில் அன்று, சூத்திர ஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயமாகிய தினசரி ஒழுக்கத்தில். நூலைத் திறந்த மாணவன் முதல் வாரத்திலேயே அதைக் கடந்திருப்பான். திருமுக்கூடல் மருத்துவர் எந்த நூலில் பயின்றார் என்பதைக் கல்வெட்டு கூறாவிட்டாலும், பாதி வலிமை விதியை அறியாத ஒருவர் அந்த மருந்துப் பட்டியலுக்குப் பொறுப்பேற்றிருக்க முடியாது. திருவாவடுதுறைச் சான்று 50 ஆண்டு பிந்தியது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை முற்றாக நீக்க என்னிடம் வழியில்லை.

சுசுருதரின் பாதியை உச்சத்தின் 50 விழுக்காடு என்று மொழிபெயர்த்துப் பெருமைப்படும் எழுத்துகளும் மிகுந்துவிட்டன. அதுவும் 220இன் தம்பிதான். மூச்சு மூக்கிலிருந்து வாய்க்கு மாறும் புள்ளியை 1980இல் நீனிமா குழுவினர் அளந்தார்கள். சராசரியாக நிமிடத்துக்கு 35 லிட்டர் காற்றில் அது நேர்கிறது. பயின்ற இளைஞர் உச்ச ஓட்டத்தில் 120 லிட்டருக்கும் மேல் இழுப்பார். காற்றின் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுசுருதர் வகுத்தது பின்னமன்று, நிறுத்துமிடம். அது நாம் நினைப்பதைவிடத் தாழ்ந்த இடம்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளை விட்டு 20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் எண்ணின் ஆட்சி எப்படி வந்தது என்பது தெளிவு. ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரைன்டெலும் நாடியை 180 வரை ஏற்றி, 120க்கு இறங்கியதும் மறு ஓட்டத்தைத் தொடங்கும் முறையை வகுத்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ஹார்பிக் 1939இல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அச்சாதனை 1955 வரை நின்றது. எண்ணுக்குக் கிடைத்த புகழ் நியாயமானதே. ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஸ்னெல் 800 மீட்டரிலும் ஹால்பர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றபோது, அவர்களின் பயிற்சியாளர் நியூசிலாந்தின் லிடியார்டு நம்பியது வாரம் 160 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய ஓட்டத்தை. 1970இல் ஸ்வீடன் உளவியலாளர் போர்க், ஓடுபவரையே கேட்டு 6 முதல் 20 வரை மதிப்பெண் இடச் செய்தார். அதுவும் எண்தான், ஆனால் சொல்வது உடல். 2006இல் செய்லரும் கெர்லாண்டும் நார்வேயின் இளம் பனிச்சறுக்கு வீரர்களைக் கவனித்தபோது அவர்களது பயிற்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூச்சு கனக்கத் தொடங்கும் முதல் எல்லைக்குக் கீழேயே இருந்தது. ஆய்வகத்தின் வழியே சுற்றி வந்து விளையாட்டு அறிவியல் மீண்டும் மூச்சில் நின்றது. இதைச் சுசுருதரின் வெற்றி என்று கொண்டாட நான் தயாரில்லை. அவர் பேசியது உடல்நலத்தை, பந்தயத்தை அன்று.

இன்று உத்திரமேரூர் வட்டாரத்தில் அளவுகோல் எது? எண்ணுமில்லை, மூச்சுமில்லை, தேர்வு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராக ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும்; 400 மீட்டர் சுற்றுக்கு 112 வினாடி. இராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டருக்கு முதல் தர மதிப்பெண் பெற 5 நிமிடம் 30 வினாடி. சுற்றுக்கு 82 வினாடி சொச்சம். "பிசிக்கல்" நெருங்கும் மாதங்களில் கிராமத்துக் கிரவுண்டில் நடப்பதைக் கண்டவர்க்குத் தெரியும்: தேர்வு தூரத்தையே, தேர்வு வேகத்திலேயே, நாள்தோறும். முந்தைய நாளைவிட இரண்டு வினாடி குறைந்தால் வெற்றி. கூடினால் சோம்பேறி என்ற பட்டம். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலிக்கத் தொடங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஓடுகிறார்கள். பயிற்சியாளர் இல்லாத இடத்தில் தேர்வின் விதியே பயிற்சியின் விதியாகிவிட்டது.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணைத் திருத்தும் மனம் வேண்டும். இதே உத்திரமேரூர்ச் சபை, முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல், வாரியம் என்ற குழுக்களின் உறுப்பினருக்கு வயது 30க்கு மேல் 60க்குள் என்று எழுதியது. இரண்டே ஆண்டில், 921இல், அதை 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றி எழுதியது. ஏன் மாற்றினார்கள் என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. 220 என்ற எண்ணோ 50 ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

உத்திரமேரூர்ப் பகுதியில் இளைஞர்களைக் காவலர், இராணுவத் தேர்வுகளுக்குத் தயார் செய்யும் முன்னாள் படைவீரர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கட்டும். மற்ற நாள்களில் இருவர் இருவராக, பேசிக்கொண்டே ஓடவிடுங்கள். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் அதிலும் குறைக்கச் சொல்லுங்கள்.