உப்பும் உள்ளமும்

சில ஆண்டுகளுக்கு முன் பன்வில சென்றிருந்தேன். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால் நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய தேயிலைத் தோட்டங்கள் எதிர்ப்படும். அங்கே ஒரு லயத்தில், கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் இரண்டு குளிசை அட்டைகளைக் காட்டினார்.

"இது மனச்சோர்வுக்கு டாக்டர் குடுத்ததுங்க. இது சத்துக் குளிசை, மகன் கொழும்புல இருந்து அனுப்புனது. இதுவே போதும்னு டாக்டர் மருந்த விட்டுட்டேன்" என்றார்.

அவர் நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்வதற்கில்லை. இலங்கையின் ஈரவலயத்தில் அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை நெடுங்காலம் பரவலாக இருந்தது. தைராய்டு சுரப்பி தளர்ந்தால் உடற்சோர்வோடு மனவாட்டமும் வரும். 1995இல்தான் உப்பில் அயோடின் சேர்ப்பது இங்கே சட்டமாயிற்று.

லித்தியத்தின் கதை இன்னும் சுவையானது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், அது மனவெறியைத் தணிப்பதை எழுதினார். அதே ஆண்டு அமெரிக்காவில், சாதாரண உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தனர். ஒரே பொருள், அளவும் கண்காணிப்பும்தான் வேறு. 1981இல் மொன்றியல் நகரில் குளோட் டி மொன்டினி குழுவினர், மனச்சோர்வு மருந்துக்குக் குணமாகாத எட்டுப் பேருக்கு லித்தியம் கொடுத்தனர். இரண்டே நாளில் முன்னேற்றம் தெரிந்தது. கவனியுங்கள்: பழைய மருந்தை அவர்கள் நிறுத்தவில்லை, அதனோடு சேர்த்தார்கள். இன்றும் லித்தியம் இரத்தப் பரிசோதனையோடு தரப்படும் மருந்தே. சத்துக் குளிசை அன்று.

துத்தநாகத்தை மருந்தோடு சேர்த்துப் போலந்தில் 2003இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மக்னீசியம் பற்றி அமெரிக்காவின் வெர்மான்டில் 126 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. இரண்டும் நம்பிக்கை தருபவை, ஆனால் சிறியவை. மருந்தை விட்டுவிடலாம் என்று இரண்டுமே சொல்லவில்லை.

மலையகத்துக்கு நெருக்கமான தாது இரும்பு. இரத்தசோகையின் களைப்பு மனச்சோர்வு போலவே தோன்றும்; இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. உணவோடு அருந்தும் சாயத் தேநீர், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது. உலகுக்குத் தேயிலை பறித்துத் தரும் கைகளுக்கு இது ஒரு கசப்பான முரண். குறை இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

தாது துணைக்கு வரலாம். மருந்தின் இடத்தில் அமரலாகாது. அந்தப் பெண்மணியிடமும் இதையே சொன்னேன். மறுநாளே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவதாக வாக்களித்தார்.