கரிசல் மானாவாரி: மழை தள்ளிப்போனாலும் விதை வீணாகாமல் இருக்க

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை பகுதிக் கரிசல் நிலங்களில் மானாவாரி செய்யும் உங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். அந்த மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுகிறது. 2016-ல் தமிழகத்தில் இப்பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். எனவே மொத்த மழையை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது. விதை எந்த மழைக்கு முளைக்கிறது, பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் தங்குகிறது என்பவை நம் கையில் உள்ளன.

விதைப்பு மழையை அளந்து பாருங்கள்

புரட்டாசித் தூறலை நம்பி மேலாக விதைத்தால், முளைத்த பயிர் அடுத்த மழைக்குள் கருகிவிடும். விதை, உழவுக்கூலி இரண்டும் நட்டம். மறுவிதைப்புக்குக் கடன் வாங்க நேரிடும். குறைந்தது 20 மி.மீ. மழையே விதைப்பு மழை. பக்கங்கள் நேராக உள்ள டப்பாவை வெட்டவெளியில் வையுங்கள். ஒரு மழையில் 2 செ.மீ. உயரம் நீர் நின்றால் அது 20 மி.மீ.; அதாவது ஏக்கருக்கு சுமார் 80 ஆயிரம் லிட்டர்.

பருவத்துக்கு முந்தைய விதைப்பு

சோளத்தைப் பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணிலேயே 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். சிறு தூறல் அந்த ஆழத்தை எட்டாது. நல்ல மழை பெய்த பிறகே விதை முளைக்கும். முதல் மழையின் ஈரமும் வீணாகாது.

விதைக்கு முன் கடினப்படுத்துவது அவசியம். ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையின் அளவுக்குச் சமமான கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்தி விதையுங்கள். இவ்விதை வறட்சியை ஓரளவு தாங்கும்.

மழைநீரை வயலிலேயே நிறுத்துங்கள்

கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்யுங்கள். பகுதிப் பாத்திகள் அமைத்தால் மழைநீர் ஓடாமல் நின்று மண்ணில் இறங்கும். அதே சமயம் கனமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தாழ்ந்த பக்கத்தில் வடிகால் விடுங்கள்.

அந்த வடிகால் நீரைப் பண்ணைக்குட்டையில் சேர்க்கலாம். மேலே 15 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் சரிவான கரைகளுடன் வெட்டினால் சுமார் 3.4 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 30 மி.மீ. உயிர்நீர் கொடுக்க 1.2 லட்சம் லிட்டர் போதும். ஆவியாதலும் கசிவும் போக, பூக்கும் தருணத்தில் இரண்டு ஏக்கர் பயிரைக் காப்பாற்றலாம்.

இடையில் மழை நின்றால்

களைக்கொட்டால் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்புகளை மூடுங்கள். களைகளைப் பிடுங்கி வரிசைகளுக்கிடையே மூடாக்காகப் பரப்புங்கள். பூக்கும் பருவத்திலும் மணி பிடிக்கும் பருவத்திலும் 2 சதவீத டி.ஏ.பி.யுடன் 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கலந்து மாலையில் தெளிக்கலாம். டி.ஏ.பி.யை முந்தைய இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள்.

எல்லா நிலத்திலும் ஒரே பயிர் வேண்டாம்

மக்காச்சோளம் கதிர் விடும் நேரத்தில் ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது. முழு நிலத்தையும் அதற்கே விடாமல், ஒரு பகுதியில் சோளம் அல்லது கம்பு, இன்னொரு பகுதியில் 65 முதல் 75 நாளில் வரும் உளுந்து, பாசிப்பயறு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். மழை ஐப்பசி பாதிக்குமேல் தள்ளிப்போனால் நீண்ட வயதுப் பயிரை விட்டுவிட்டு மல்லி போன்றவற்றுக்கு மாறுங்கள்.

உங்கள் மண்ணின் ஆழத்துக்கு ஏற்ற இரகங்களையும், பயிர்க்காப்பீட்டுக்கான கடைசி நாளையும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதைப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.