வியன்னா: பயந்த பெண்களும் பாடமான உடல்களும்

நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இக்னாஸ் செம்மல்வைசில்தான் தொடங்குகிறார்கள். கை கழுவச் சொன்ன மேதை, காதில் வாங்காத உலகம் என்று ஒரு தியாகி வரலாறு. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அவருக்கு முன்பே விஷயம் தெரிந்தவர்கள் அந்தக் கதையில் வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள்.

வியன்னா பொது மருத்துவமனையின் இலவசப் பிரசவப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் ஏழைப் பெண்கள். பலர் கல்யாணம் ஆகாதவர்கள். காசு வாங்காமல் பிரசவம் பார்ப்பார்கள். பிள்ளையை அனாதை இல்லம் எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு உடம்பைப் பாடமாகக் கொடுக்க வேண்டும். 1840இல் ஓர் அரசாணை முதல் பிரிவை மருத்துவ மாணவர்களுக்கும் இரண்டாம் பிரிவைப் பயிற்சி மருத்துவச்சிகளுக்கும் ஒதுக்கியது. 1841 முதல் 1846 வரை முதல் பிரிவில் 20,042 பிரசவங்கள், 1,989 சாவுகள். இரண்டாவதில் 17,791க்கு 691. முதல் பிரிவின் கணக்கே குறைத்துச் சொன்ன கணக்குதான். காய்ச்சல் கண்டவளைப் பொது வார்டுக்குத் தள்ளிவிட்டால் அவள் சாவு இங்கே பதிவாகாதே!

இந்தப் புள்ளிவிவரத்தைப் பெண்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்கே தெரிந்திருந்தது. இரண்டு பிரிவுகளும் நாள் முறை வைத்து ஆள் சேர்த்தன. முதல் பிரிவின் நாளில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் மண்டியிட்டு, கையைப் பிசைந்து, வெளியே விட்டுவிடச் சொல்லி மன்றாடியதை செம்மல்வைசே எழுதியிருக்கிறார். வழியிலேயே, தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பிரசவ ஜன்னி குறைவாகவே வந்தது.

அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? காற்று கெட்டது, வானிலை, பூமியின் தன்மை. 1846இல் ஒரு விசாரணைக் குழு, மாணவர்கள், முக்கியமாக வெளிநாட்டு மாணவர்கள், முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தது. காரணப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: அந்தப் பெண்களின் பயம். முதல் பிரிவு கொல்கிறது என்று பயந்தார்கள், பயத்தால் செத்தார்கள்! சாட்சியம் நோய்க்குறியாக மாற்றப்படும் இந்த இடத்தில்தான் மருத்துவ அதிகாரத்தின் சொல்லாடல் அப்பட்டமாகத் தெரிகிறது.

பழைய மூடத்தனம் கொன்றது என்றால் நமக்கு வசதியாக இருக்கும். நடந்தது வேறு. 1822 வரை பொறுப்பில் இருந்த போயர் பிணங்களை வைத்துப் பிரசவப் பாடம் நடத்தவில்லை. சாவு நூற்றுக்கு ஒன்றேகால் அளவில்தான் இருந்தது. அடுத்து வந்த கிளைன் காலத்தில் முறை மாறியது. 1823இல் நூற்றுக்கு ஏழைத் தாண்டியது. பிணத்தைத் திறந்து பார்த்ததில்தான் நவீன மருத்துவப் பார்வை பிறந்தது என்று ஃபூக்கோ 1963இல் எழுதினார். வியன்னாவில் ரோகிடான்ஸ்கியின் சவப் பரிசோதனைக் கூடம் அந்தப் பார்வையின் பெருமை. காலையில் அங்கே அறுத்த கை நேராகப் பிரசவ வார்டுக்கு வந்தது. மருத்துவச்சிகள் பிணம் அறுக்கவில்லை. அறிவியலில் 'பின்தங்கிய' பிரிவு பிழைத்தது அதனால்தான்.

1847 மார்ச்சில் பேராசிரியர் கோலெட்ஷ்கா, சவப் பரிசோதனையில் விரலில் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலில் கண்டது ஜன்னி கண்ட தாய்மாரிடம் கண்டதேதான் என்று செம்மல்வைஸ் புரிந்துகொண்டார். ஆயிரக்கணக்கான பெண்கள் செத்துச் சொன்னது, ஒரு பேராசிரியர் செத்த பிறகுதான் கேட்டது. (இதைச் சொன்னால் அவரைக் குறைப்பதாகக் கோபித்துக்கொள்கிறார்கள். குறைக்கவில்லை. அவர் ஒருத்தராவது கேட்டார்.) மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவுவது கட்டாயமாயிற்று. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூலையில் ஒன்றேகாலுக்கு இறங்கியது. 1848இல் இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமம்.

ஆனால் கை கழுவு என்பதற்கு, இதுவரை கொன்றது உன் கைதான் என்று அர்த்தம். அதைத் துறை ஏற்கவில்லை. 1849இல் செம்மல்வைசின் பதவி நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகரத்துக்குப் போய் வேலை பார்த்தார், 1861இல் புத்தகம் எழுதினார், எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். 1865 ஜூலைக் கடைசியில் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில், காயம் சீழ்பிடித்து, 47 வயதில் செத்துப்போனார். காவலர்கள் அடித்த காயம் என்கின்றன பிற்கால ஆய்வுகள். அங்கே அவரும் ஒரு நோயாளி.