நின்ற இடம்

2023ஆம் ஆண்டு கோடையில் கனடா சென்றிருந்தபோது, டொரன்டோவை அடுத்த பிரம்டன் நகரில் என் தங்கையின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகனுக்கு அப்போது பதினைந்து வயது. பதுளையை இரண்டே தடவைகள்தான் பார்த்திருக்கிறான். ஒருநாள் மாலை தன் விளையாட்டுப் பயிற்சியைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனான். அவன் ஆடுவது லக்ரோஸ். நுனியில் சிறு வலை கட்டிய கோலால் ரப்பர் பந்தை ஏந்தி ஓடி, ஒருவருக்கொருவர் எறிந்து, எதிரணியின் இலக்கினுள் புகுத்தும் ஆட்டம். குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கி ஆடும் அரங்கில், பனித்தளம் நீக்கிய வெறுந்தரையில் கோடைகாலத்தில் இதனை ஆடுகிறார்கள்.

பயிற்றுநர் முழு அணியையும் ஆடவிடவில்லை. மும்மூன்று பேராகப் பிரித்து அரங்கின் மூலைகளில் நிறுத்தினார். ஒருவன் பந்துடன் வருகிறான். அவனை ஒருவன் காவல் செய்கிறான். பந்தில்லாத இன்னொரு பையன் ஓடிவந்து, அந்தக் காவலனின் வழியில் மரம்போல் நின்றுவிடுகிறான். பந்துக்காரன் நிற்பவனின் தோளை உரசிக்கொண்டு கடக்கிறான். காவலன் நிற்பவனில் முட்டிக்கொண்டு பின்தங்குகிறான். அந்த அரை விநாடியில் வழி திறந்துவிடுகிறது.

"மாமா, இதுக்குப் பேர் பிக்" என்றான் மருமகன், வியர்வையைத் துடைத்தபடி.

பெயர்தான் எனக்குப் புதிது. அந்த ஆட்டமுறையை நான் 1985ஆம் ஆண்டு, நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தின் பிரட்டுக்களத்தில் கற்றிருந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரையின் தொடக்கம் அந்த இரவுதான்.

லக்ரோஸ் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம். ஹோடனோஷோனி என்று தம்மை அழைத்துக்கொள்ளும், வெள்ளையர் இரோக்குவா என்று பெயரிட்ட, ஆறு இனங்களின் கூட்டமைப்புக்கு அது விளையாட்டு மட்டுமன்று. படைத்தவன் தந்த கொடை, நோய் தீர்க்கும் சடங்கு. 'லக்ரோஸ்' என்ற பெயரை வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1867ஆம் ஆண்டு மொன்றியல் நகரத்துப் பல் வைத்தியர் வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் அதற்கு எழுத்தில் விதிகளை வகுத்தார். 1876ஆம் ஆண்டு மோஹாக் இனத்து ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, வின்ட்சரில் விக்டோரியா மகாராணியின் முன்னால் ஆடிக் காட்டினார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1880இல், ஆட்டத்தைப் பிறப்பித்த அந்த மக்களே கனடாவின் வாகையர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். பணம் பெற்று ஆடுபவர்களுக்கு இடமில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பயணச் செலவுக்குக் காட்சி ஆட்டங்களையே நம்பியிருந்த ஏழைகளை அந்த விதி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருமகன் ஆடும் உள்ளரங்க லக்ரோஸ் 1931ஆம் ஆண்டு பிறந்தது. கோடையில் வெறுமையாய்க் கிடந்த ஹொக்கி அரங்குகளுக்கு வருமானம் தேடிய உரிமையாளர்கள், பரந்த புல்வெளியில் ஆடிய ஆட்டத்தை நான்கு சுவர்களுக்குள் கொண்டுவந்தார்கள். இடம் சுருங்கியதும் ஆட்டத்தின் இயல்பு மாறியது. இலக்குக் காப்பாளரை விட்டால் ஓர் அணிக்கு ஐவர்தான். நெருக்கத்தில் ஓடித் தப்ப வழியில்லை. ஆகவே இருவரும் மூவருமாகச் சேர்ந்து வழி உண்டாக்க வேண்டியதாயிற்று. வலக்கைக்காரர்கள் இடப்பக்கத்திலும் இடக்கைக்காரர்கள் வலப்பக்கத்திலும் நின்று, கோல் எப்போதும் நடுவை நோக்கியிருக்கும்படி ஆடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு குழு. அந்தக் குழுவின் முதற்பாடம்தான் பிக்.

இதே பாடம் கூடைப்பந்தாட்டத்திலும் உண்டு. 1891ஆம் ஆண்டு கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒன்டாரியோவில் பிறந்து மொன்றியலில் கல்வி கற்று, அங்கே லக்ரோஸும் ஆடியவர். அவர் பணியாற்றிய வை.எம்.சி.ஏ. இயக்கமே ஆசியாவுக்கும் இத்தகைய ஆட்டங்களைக் கொண்டுவந்தது. இன்று இலங்கையின் தேசிய விளையாட்டாகிய கரப்பந்தாட்டத்தை 1916ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவரும் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த ரொபர்ட் வோல்டர் கமக் என்பவரே.

ஆனால் ஊவாவின் மலைகளுக்கு ஆட்டங்கள் வந்த வழி வேறு. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த துரைமார் டெனிஸையும் கிரிக்கெட்டையும் ரக்பியையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். திம்புள்ள, திக்கோயா கழகங்களைப் போலவே ஊவா ஜிம்கானா கழகமும் துரைமாரின் ரக்பிக்குப் பெயர்பெற்றிருந்தது. திருச்சியிலும் மதுரையிலும் சேலத்திலும் இருந்து வந்து அந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மைதானங்களில் ஒரு வேலைதான் இருந்தது. என் பாட்டனார் சிறுவயதில் துரை பங்களாவில் டெனிஸ் பந்து பொறுக்கியவர். அவர் கையில் ஒருநாளும் மட்டை கொடுக்கப்படவில்லை என்று அம்மா சொல்வார்.

ரக்பியில் மறைப்புக் குற்றம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பந்தில்லாதவன் எதிரியின் வழியில் நின்றால் நடுவர் ஊதிவிடுவார். ஆகவே துரைமாரின் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த எங்கள் மூத்தோர் இந்தப் பாடத்தை அங்கிருந்து கற்றிருக்க முடியாது.

எங்களுக்கு அதனைக் கற்பித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர். 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளைக் கடைவீதி எரிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மலையகப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் குறைவு. மைதானம் என்பது பல பாடசாலைகளுக்குக் கனவு. அவர் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளையிடம் பேசி, மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிரட்டுக்களத்தைக் கேட்டு வாங்கினார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு தட்டியும், இரும்புக் கம்பியை வளைத்து ஒரு வளையமும் செய்தார். இரண்டாவது வளையத்துக்கு இடமில்லை. முழு அணி ஆடவும் இடமில்லை. மூன்று பேருக்கு மூன்று பேர். அரங்கின் சுவர்கள் லக்ரோஸுக்குச் செய்ததை எங்கள் களத்தின் ஒருபுறத்து மண்மேடும் மறுபுறத்துப் பள்ளமும் எங்களுக்குச் செய்தன.

அவர் கற்பித்த முறை இன்றும் நினைவில் இருக்கிறது. முதல் வாரம் எதிரியே கிடையாது. இருவர் மட்டும். ஒருவன் வந்து நிற்பான். மற்றவன் அவன் தோளோடு தோள் உரசக் கடப்பான். இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். அந்த இடைவெளியில்தான் காவலன் புகுந்துவிடுவான். இரண்டாம் வாரம் ஒரு காவலன் வந்தான். நிற்பவன் வந்து நிற்கும்வரை பந்துக்காரன் பொறுத்திருக்கப் பழகினான். அவசரப்பட்டுப் புறப்படுவதே பெரிய பிழை. மூன்றாம் வாரம் இரண்டு காவலர்கள். இப்போதுதான் கண்ணுக்கு வேலை. காவலர்கள் ஆளை மாற்றிக்கொண்டால், நின்றவன் உடனே உருண்டு திரும்பி வளையத்தை நோக்கி ஓட வேண்டும்; பந்து அவனுக்கே வரும். முதற்காவலன் பின்னால் சுற்றிவந்தால், பந்துக்காரன் நின்று எறிய வேண்டும். இருவரும் பந்துக்காரன்மீது பாய்ந்தால், மூன்றாமவன் தனியே நிற்பான். எதிரி என்ன செய்தாலும் ஒரு கதவு திறந்தேயிருக்கும். எந்தக் கதவு என்று பார்க்கத் தெரிவதே கல்வி.

பிரம்டனில் அந்தப் பயிற்றுநர் செய்ததும் படிக்குப்படி இதுதான். பந்தைக் கையில் பிடிப்பதற்குப் பதிலாகக் கோலில் ஏந்துகிறார்கள். உருண்டு திரும்புகிறவன் தன் கோலை உயர்த்திப் பந்துக்கு இலக்குக் காட்டுகிறான். வேறுபாடு அவ்வளவே.

விதியும் ஒன்றுதான். மறைப்பவன் அசையக் கூடாது. நகர்ந்துகொண்டோ, தோளை நீட்டியோ, கோலை நீட்டியோ எதிரியைத் தடுத்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆனால் அவன் முறைப்படி வந்து நின்றுவிட்டால் அந்த இடம் அவனுடையது. வருகிறவன்தான் சுற்றிப்போக வேண்டும்.

"ஓடத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் இருக்கினம். நிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்" என்பார் ஆசிரியர். "நீ முதல்ல வந்து நிண்டால் அது உன்ரை இடம். இடிக்கிறவன்தான் பிழைகாரன்."

எங்கள் மூவரில் நிற்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். மெலிந்த பையன், ஆனால் மலைபோல் நிற்பான். அவனுடைய குடும்பம் 'இந்தியாவுக்கு எழுதிய' குடும்பம். பிற்காலத்து வாசகர்களுக்காக இதனை விளக்குகிறேன். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பேசித் தீர்ப்பதற்கு. 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். என் நண்பன் வீட்டில் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. ஆனால் 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோயிற்று. போகவும் முடியவில்லை, இருக்க உரிமையும் இல்லை. அப்படிப்பட்ட பையன்தான் நாள்தோறும் மாலையில் பிரட்டுக்களத்தில் நின்று, 'இந்த இடம் என்னுடையது' என்று உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு இது புலப்படவில்லை. விளங்க நாற்பது ஆண்டுகள் சென்றன.

விளங்க வைத்தது லக்ரோஸின் வரலாறுதான். எங்கள் ஊர் எரிந்த அதே 1983ஆம் ஆண்டில் ஹோடனோஷோனி மக்கள் தமக்கென ஒரு லக்ரோஸ் அணியை அமைத்தார்கள். 1990இல் உலக வாகையர் போட்டியில் தனி நாடாகக் களமிறங்கினார்கள். 2010ஆம் ஆண்டு மன்செஸ்டரில் நடந்த உலகப் போட்டிக்கு அவர்கள் தம் சொந்தக் கடவுச்சீட்டுகளோடு புறப்பட்டபோது பிரித்தானியா அவற்றை ஏற்க மறுத்தது. அமெரிக்க, கனடியக் கடவுச்சீட்டுகளில் போகலாமே என்றார்கள். அவர்கள் போகவில்லை. தாம் கண்ட ஆட்டத்தின் உலகப் போட்டியைத் தாம் இல்லாமலே நடக்க விட்டார்கள்.

2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டு விழாவுக்கும் முதலில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. அப்போது தகுதி பெற்றிருந்த அயர்லாந்து அணி, தன் இடத்தை விட்டுக்கொடுத்து விலகிக்கொண்டது. அந்த இடத்தில் ஹோடனோஷோனி அணி ஆடியது. பந்தில்லாத ஒருவன் இன்னொருவனுக்கு வழி உண்டாக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடைக்காது. 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், ஓர் அணிக்கு அறுவர் ஆடும் சிறு வடிவில், லக்ரோஸ் மீண்டும் இடம்பெறுகிறது. தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளுக்கே இடம் என்பது ஒலிம்பிக் விதி. ஆறு இனங்களின் கூட்டமைப்புக்கு அத்தகைய குழு இல்லை.

மலையகத்திலும் சட்டங்கள் மாறின. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற பெயரைத் துடைத்தன. என் நண்பனின் குடும்பம் 2003க்குப் பிறகே இலங்கைப் பிரஜைகளாயிற்று. ஆனால் காணியின் கதை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அங்கிருந்தோரிடம் இருக்கவில்லை. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தோம். உறுதிப்பத்திரம் இல்லாத லயத்தில் பிறந்து, அதே லயத்தில் முதுமையடைவோர் ஊவாவில் இன்னும் பலர்.

கனடாவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தேயிலைப் பெட்டித் தட்டி எப்போதோ போய்விட்டது. பிரட்டுக்களம் அப்படியே இருக்கிறது. நண்பன் கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தகப்பனார் வாழ்ந்த அதே லயக் காம்பராவில் இருக்கிறான். உறுதி இல்லை. பிளேன்டீ குடித்தபடி, பிரம்டனில் மருமகன் ஆடுவதை என் கைத்தொலைபேசியில் காட்டினேன். ஒரு பையன் ஓடிவந்து நிற்பதையும், காவலன் அவனில் முட்டுவதையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான்.

பிறகு கேட்டான்: "அங்கயும் அதே சட்டந்தானா? மொதல்ல வந்து நின்னவனத் தள்ள ஏலாதுதானே?"

ஆட்டத்தில் அப்படித்தான் என்றேன்.