செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர்

பெட்ரோல் காரின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் தடித்த பேட்டரி கேபிளுக்கு வேலையே இருக்கவில்லை. என்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினார்கள். முகப்பு விளக்கு அசெட்டிலின் வாயுவில் எரிந்தது, தீப்பொறியை மேக்னெட்டோ தந்தது. பிரான்சின் காஸ்தோன் பிளான்தே 1859-இலேயே ஈய-அமில பேட்டரியைச் செய்துவிட்டார் என்றாலும், அதிலிருந்து பெரிய மின்னோட்டத்தை இழுக்கும் கருவி எதுவும் காரில் இல்லை. திடீரெனத் திருப்பி அடித்துக் கையை முறிக்கும் அந்தக் கைப்பிடிக்கு மாற்றாக, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் வந்தது. ஃபோர்டு மாடல் டி-க்கு 1919-இல்தான் அது கிடைத்தது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொல்லும்போது ஒலிப்பது ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற அந்தப் பழைய பெயரே.

சில விநாடிகளே ஓடும் ஸ்டார்ட்டர் 100 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டம் பாயும்போது ஒயரின் மிகச் சிறிய மின்தடையும் வோல்டேஜைத் தின்றுவிடும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், போக வர மொத்தம் 2 மீட்டர் என்று கொண்டால், 200 ஆம்பியரில் சுமார் 0.43 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் காருக்கு இது பெரிய இழப்பல்ல. ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவை 6 வோல்ட். அதே வேலைக்கு 400 ஆம்பியர் தேவைப்பட, இழப்பு 0.86 வோல்ட், ஆறில் ஏழிலொரு பங்கு. அதனால் 6 வோல்ட் கார்களின் கேபிள்கள் விரல் தடிமனில் இருந்தன. அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் பிற்பகுதி வரை காத்திருந்தது. பழைய 6 வோல்ட் காரை மீட்டெடுப்பவர்கள் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளைப் போட்டுவிட்டு, செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதே என்று மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. குற்றம் மோட்டாரில் இல்லை.

எந்த முனையைப் பாடியோடு இணைப்பது என்பதிலும் நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. ஃபோர்டு மாடல் ஏ-யில் பாசிட்டிவ் முனையே எர்த். பிரிட்டனில் கார்களுக்கு மின்கருவி செய்த லூகாஸ் நிறுவனம் 1930களில் அதே வழிக்கு மாறியது; மோரிஸ் மைனர் போன்ற கார்கள் 1960கள் வரை அப்படியே ஓடின. டைனமோவுக்கு முனை எதுவானாலும் பெரிய பொருட்டில்லை. அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தபின் கதை வேறு: முனை மாற்றிக் கொடுத்தால் அதன் டயோடுகள் கணத்தில் எரிந்துபோகும். நெகட்டிவ் எர்த் பொதுவழக்கானதற்கு ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் கருவிகளும் முக்கியக் காரணம். நிறத்தை மட்டும் நம்பிக் கேபிள் மாட்டுவது பழைய பிரிட்டிஷ் காரில் இன்றும் ஆபத்து.

டெர்மினல்களின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. பேட்டரியின் முனைத் தூண் மேலே ஒடுங்கிய கூம்பு. பாசிட்டிவ் தூண் நெகட்டிவைவிடச் சற்றே தடிப்பு: அமெரிக்க அளவுமுறையில் மேல்விட்டம் ஒன்றுக்கு 17.5 மி.மீ., மற்றதற்கு 15.9 மி.மீ. நெகட்டிவ் கவ்வி தவறுதலாகப் பாசிட்டிவில் இறங்காதபடி செய்த, எளிய ஆனால் சிறந்த ஏற்பாடு இது. ஜப்பானியச் சிறிய பேட்டரிகளின் தூண்களோ 14.7, 13 மி.மீ. அளவில் மெலிந்தவை. லூகாஸ், தொப்பிபோலக் கவிழ்த்து உச்சியில் திருகாணி முடுக்கும் டெர்மினலைப் பரப்பியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970களில் பேட்டரியின் பக்கவாட்டிலேயே போல்ட் முடுக்கும் வகையைக் கொண்டுவந்தது. மெலிந்த தூணில் பெரிய கவ்வியை மாட்டி, இடைவெளிக்குத் தகடு சுருட்டிச் செருகுவது ஒரு தவறு. தடித்த தூணில் சிறிய கவ்வியைச் சுத்தியலால் தட்டி இறக்குவது அதைவிடப் பெரிய தவறு. பேட்டரிக்குள் இருக்கும் ஈய இணைப்பு விரிசல் விடும்.

ஆரம்பகாலக் கேபிளுக்கு ரப்பர் உறையும், அதன்மேல் அரக்கு பூசிய பருத்தி நூல் பின்னலும் இருந்தன. எண்ணெயும் சூடும் பட்டு அவை வெடித்தன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பி.வி.சி. அந்த இடத்தைப் பிடித்தது. எந்த உறையாலும் தடுக்க முடியாதது, அமில ஆவி பட்டுச் செம்பில் பூக்கும் நீலப்பச்சை உப்பு. உறையை உரித்து இரண்டு திருகுக்கு நடுவே இழைகளை நசுக்கும் அவசர டெர்மினலில் அந்த உப்பு இழைகளுக்குள் ஏறிக் கேபிளை உள்ளிருந்தே அரிக்கும். கருவியால் அழுத்தி, வாயை ஒட்டுறையால் மூடிய லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோக இணைப்பி) எப்போதும் மேல்.

அண்மைக்கால மாற்றம் உலோகத்திலேயே வந்திருக்கிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும், எடை குறைவு, விலையும் குறைவு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 61 சதவீதமே. ஆகவே 16 சதுர மி.மீ. செம்புக்கு ஈடாக அதில் சுமார் 25 சதுர மி.மீ. வேண்டும். வெட்டிய முனையில் இழைகளின் நடு வெள்ளையாகத் தெரிந்தால் அது அந்த வகை. புதிய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலோடு மின்னோட்டம் அளக்கும் சென்சாரும் சேர்ந்தே வருகிறது. அத்தகைய காரில் வெறும் கவ்வியை மட்டும் வாங்கி மாட்ட முடியாது.