நாழிகை

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் திதிக்கும் நட்சத்திரத்திற்கும் நேரே நாழிகை, விநாழிகை என எண்கள் நிற்கக் காணலாம். புத்தகத்தை மூடியபின் நம்மில் எவரும் பொழுதை நாழிகையால் அளப்பதில்லை.

நாழி என்பது உள்ளே துளையுள்ள குழாயையும், தானியம் அளக்கும் முகத்தலளவையையும் குறித்த சொல். அளவைப் பெயராகிய நாழி, உரி என்பவை புணரும் விதியைத் தொல்காப்பியம் கூறுகின்றது. வடமொழி நாடிகாவும் இதற்கு இனமானதே. நீரை அளந்து காலத்தை அறிந்தமையால், கலத்தின் பெயர் காலத்திற்காயிற்று. முல்லைப்பாட்டிலே பாசறை வேந்தனுக்கு நீர்க்கருவி பார்த்துப் பொழுது கூறுவோர் வருகின்றனர். அக்கருவியின் பெயர் கன்னல். புகார் நகரில் வாழ்ந்தோருள் நாழிகைக் கணக்கரையும் சிலப்பதிகாரம் எண்ணுகின்றது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், தமது நூலில் (1681) அரசனிடமிருந்த இத்தகைய கருவியொன்றை வருணிக்கிறார். அடியில் நுண்துளையுள்ள செப்புக்கிண்ணம் நீரில் மிதக்கும். துளை வழியே நீர் நிரம்ப, அமிழும். மீண்டும் எடுத்து மிதக்கவிடுவர். ஒருமுறை அமிழும் காலமே ஒரு 'பெய'.

இனி விந்தையைப் பாருங்கள். நாளொன்றுக்கு அறுபது என்னும் அந்தப் பழைய 'பெய' இன்று சிங்களத்தில் 60 நிமிடத்தைக் குறிக்கிறது. சொல் நிலைத்தது, அளவு மாறிற்று. மலையாளத்திலோ நாழிகை, தூரத்தையும் அளக்கலாயிற்று. தமிழரோ புதிய அளவுக்கு மணியோசையிலிருந்து பெயர் கொண்டனர். நாம் மணித்தியாலம் என்கிறோம், தமிழ்நாட்டார் மணிநேரம் என்கின்றனர். நாழிகை மட்டும் தன் 24 நிமிடத்தை விடாது பஞ்சாங்கத்தில் ஒதுங்கிற்று. தமிழ்நாட்டில் சிலர் 'நாழியாயிற்று' என்று தாமதத்தைச் சொல்வதும் அதன் எச்சமே.

ஆகவே பழைய சாதக ஓலையில் 'உதயாதி நாழிகை பத்து' என்றிருப்பின் அதைப் பத்து மணி என்று எழுதிவிடுதல் முறையன்று. உதயம் முதல் 240 நிமிடம் எண்ணவேண்டும். சூரியன் ஆறு மணிக்கு உதித்த நாளாயின் விடை தற்செயலாகப் பத்து மணியே. ஆறேகாலுக்கு உதித்திருப்பின் பத்தேகால். ஓலையில் பதினைந்து என்றிருந்தாலோ, ஆறு மணி உதயத்திற்கும் நண்பகலாகிவிடும்.