கருவிழியின் காயம்

அறுவடைக் காலத்தில் மதுரையைச் சூழ்ந்த களங்களில் நெல் தூற்றுவோர் கண்ணில் உமியோ வைக்கோல் துரும்போ படுவது வழக்கம். “தூசிதானே!” என்று கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வர். பெரும்பாலோர்க்கு இரண்டொரு நாளில் நோவு நீங்கிவிடும். சிலர்க்கோ கண்ணில் பூ விழுந்து பார்வையே போய்விடும். துரும்பு ஒன்று, முடிவு இரண்டு. இதன் காரணத்தையும், இதனை மாற்ற மதுரையில் நடந்த முயற்சியையும் இன்று கூற விழைகின்றேன்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் படலம். அதன் மேற்பரப்பில் ஐந்தாறு அடுக்குச் செல்கள் உள்ளன. கீறல் விழுந்ததும் அருகிலுள்ள செல்கள் தட்டையாகி, நகர்ந்து வந்து, அவ்விடத்தை மூடுகின்றன. பின்னர்ப் பெருகிப் பழைய கனத்தை எய்துகின்றன. கண்ணின் கருமையும் வெண்மையும் கூடும் வட்ட விளிம்பிலுள்ள குருத்தணுக்களே இதற்குரிய புதிய செல்களை வழங்குகின்றன. இவ்வாறு ஆறினால் தழும்பு எஞ்சுவதில்லை.

மேற்பரப்பு மூடுமுன் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்துவிட்டால் அடியிலுள்ள நாரடுக்கு சிதைகிறது. அந்நார்கள் ஒழுங்காக அணிவகுத்திருப்பதால்தான் ஒளி ஊடுருவுகிறது. புண் ஆறும்போது புதிய நார்கள் தாறுமாறாகப் படிந்து, அவ்விடம் வெளுத்துவிடுகிறது. நாம் ‘பூ’ என்பது அத்தழும்பையே.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் உழவர்கள். 284 பேர்க்கு முன்னரே கருவிழியில் காயம் பட்டிருந்தது. புண் முற்றியபின் கிருமியை ஒழித்தாலும் தழும்பு நிற்கும். ஆகவே மருந்து ஊரைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

மாவட்டத்துச் சிற்றூர்களில் 15 நலப்பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் 18 திங்களில், கருவிழியில் கீறல் பட்ட 374 பேர்க்கு, நாள்தோறும் மும்முறையாக மூன்று நாள் களிம்பு மருந்து இட்டனர். 2006-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 368 பேர்க்குக் காயம் சிக்கலின்றி ஆறியது.

அக்களிம்பு காவல் நின்றது; காயத்தை ஆற்றியது கண்ணேயாம். அக்காவலுக்குரிய காலமோ மிகச் சிறிது. மாணவர்களே, உங்கள் வீட்டில் எவர் கண்ணிலேனும் துரும்பு பட்டால், கசக்க விடாதீர்கள். பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ ஊற்ற விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.